எந்த வார்டில் படுக்க வைத்தார்கள்?

கதை எழுதுகிறவனுக்கு டாக்டர் பாத்திரம் கிடைத்துவிட்டால் ரொம்ப சௌகரியம். நடுநிசியில் கார் வந்து நிற்கும். கைப்பையுடன் டாக்டர் படியேறுவார். ஓர் ஊசி போடுவார். பிறகு வெளியே வந்து, "இனிமேல் பயமில்லை" என்பார். நானும் இரண்டு மூன்று கதைகளில் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன். வாசகர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் பாரிசவாயு என்றும் பக்கவாதம் என்றும் நாம் சொல்கிற நோயின் வைத்திய சரித்திரத்தைப் படித்தபோது, அந்த ஊசியை நான் அளவுக்கு மீறி நம்பிவிட்டேனோ என்று தோன்றியது. இந்தச் சரித்திரத்தில் பிழைத்தவர்களில் பலர் புது மருந்தால் பிழைத்தவர்கள் அல்ல. அவர்களை எந்த வார்டில், யாருடைய பொறுப்பில் படுக்க வைத்தார்கள் என்பதனால் பிழைத்தவர்கள்.

1935-ஆம் வருஷத்திலிருந்து ஆரம்பிக்கலாம். லண்டனின் மேற்கே வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் ஏழைகளுக்கான பழைய விடுதி ஒன்று இருந்தது. அந்த வருஷம் விடுதியிலிருந்த நோயாளிகள் 714 பேரை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது. அவர்களைக் கவனிக்கும் வேலை மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம் வந்து சேர்ந்தது. யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குகிற வேலை அல்ல அது. ஒரு கையும் காலும் விழுந்துபோனவர்கள், வயோதிகர்கள், புத்தி தடுமாறியவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கிடந்தார்கள். "இனி இவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டி, வேளைக்குச் சோறு மட்டும் போட்டுவந்தது உலகம்.

அந்த அம்மாள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். நோய்க்குத் தக்கபடி பிரித்து வைத்தார். இருண்டு கிடந்த வார்டுகளுக்கு வெளிச்சமும் வெளிர் வர்ணமும் வந்தன. படுத்தவர்களை உட்காரவும், உட்கார்ந்தவர்களை நிற்கவும், நின்றவர்களை நடக்கவும் பழக்கினார். வருஷக்கணக்காகப் படுக்கையை விட்டு எழுந்திராதவர்கள் சிலர் தங்கள் வீட்டுக்கே நடந்து போனார்கள். அவர் கையில் புது மருந்து எதுவும் இருக்கவில்லை. 1960-இல் மோட்டார் விபத்தில் அவர் காலமானபோது, முதியோர் வைத்தியத்துக்கே தாய் என்று பெயர் பெற்றிருந்தார்.

ஆனால் விஞ்ஞானம் சந்தேகப் பிராணி. "அந்த அம்மாள் மகா கெட்டிக்காரி. ஏற்பாட்டினால்தான் பலன் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கும். நியாயமான கேள்விதான். அதற்குத் தெளிவான பதில் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. பதில் சொன்ன இடங்களில் முக்கியமானது நார்வே தேசத்தின் டிரான்ட்ஹெய்ம் நகரம்.

அங்கே பக்கவாதம் வந்தவர்கள் 220 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். 110 பேர் பக்கவாதத்துக்கென்றே அமைத்த வார்டுக்குப் போனார்கள். 110 பேர் வழக்கம்போல் பொது வார்டுக்குப் போனார்கள். முடிவு 1991-இல் வெளிவந்தது. ஆறு வாரத்துக்குள் பொது வார்டில் 19 பேர் இறந்துபோனார்கள். தனி வார்டில் 8 பேர். ஆறு வார முடிவில் வீட்டில் இருந்தவர்கள் பொது வார்டுக்காரர்களில் 36 பேர். தனி வார்டுக்காரர்களில் 62 பேர். அதோடு விடவில்லை. பத்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். பொது வார்டில் படுத்தவர்களில் 14 பேர் உயிருடன் இருந்தார்கள். தனி வார்டில் படுத்தவர்களில் 27 பேர். பத்து வருஷத்துக்கு முன்னால் சில வாரங்கள் கிடந்த படுக்கை, ஒரு மனிதனின் ஆயுளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

அப்படி அந்த வார்டில் என்னதான் நடக்கிறது? சொன்னால் சப்பென்று இருக்கும். பக்கவாதம் தொண்டையையும் தாக்கலாம். அது தெரியாமல் அன்போடு ஒரு வாய் காப்பி கொடுத்தால், அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலில் கொண்டுவிடும். பக்கவாதம் வந்தவர்களை இரண்டாவதாகக் கொல்ல வருவது இதுதான். ஆகவே விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் தனி வார்டில் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. காய்ச்சல் வந்தால் உடனே கவனிக்கிறார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் பார்க்கிறார்கள். சீக்கிரமே எழுப்பி உட்கார வைக்கிறார்கள். டாக்டர், நர்ஸ், உடற்பயிற்சி கற்பிப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லாரும் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசுகிறார்கள். அவ்வளவுதான். பல தேசங்களில் நடந்த 19 பரீட்சைகளைச் சேர்த்துப் பார்த்து, 1997-இல் இதே முடிவைத்தான் உறுதி செய்தார்கள்.

இதற்கிடையில் ஊசியும் வந்துவிட்டது. மூளை ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து பலன் தருகிறது என்று 1995-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். அப்போது கெடு மூன்று மணி நேரம். பிற்பாடு நாலரை மணி என்று நீட்டினார்கள். நல்ல மருந்துதான். ஆனால் எல்லாருக்கும் ஆகாது. ரத்தம் கசிந்து வந்த பக்கவாதமானால் அதுவே யமன். முதலில் தலையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஊசியை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில் இங்கிலாந்தின் இரண்டு நகரங்கள் வேறு வேறு வழியில் போயின. இரண்டும் 2010-ஆம் வருஷம்தான் காரியத்தில் இறங்கின.

லண்டனில் அதுவரை சுமார் முப்பது ஆஸ்பத்திரிகள் பக்கவாத நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தன. இனி எட்டே எட்டு என்று தீர்மானித்தார்கள். பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால், எப்போது வந்ததானாலும் சரி, ஆம்புலன்ஸ் அந்த எட்டில் ஒன்றுக்குத்தான் போகும். முதல் மூன்று நாள் வரையில் அங்கே. பிறகு வீட்டுக்கோ, வீட்டுக்கு அருகில் உள்ள வார்டுக்கோ. அந்த எட்டு இடங்களும் இன்ன வசதி, இத்தனை ஆட்கள் என்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் கூடுதல் பணம் கிடைக்கும். ஜனங்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் தகப்பனாரை ஏற்றிக்கொண்ட வண்டி, தெருக்கோடி ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனால் யார் மனசுதான் பதறாது?

மான்செஸ்டர் வட்டாரத்தில் சமரசம் செய்துகொண்டார்கள். நோய் கண்ட நாலு மணி நேரத்துக்குள் வருகிறவர்கள் மட்டும் மூன்று விசேஷ ஆஸ்பத்திரிகளுக்கு. மற்றவர்கள் அவரவர் ஊர் ஆஸ்பத்திரிக்கு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஊசிக்கு நேரம் கடந்துவிட்டவரை எதற்காக வெகுதூரம் அலைக்கழிக்க வேண்டும்?

2014-இல் கணக்கு வெளிவந்தது. இரண்டு இடங்களிலும் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்திருந்தன. ஆனால் இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் மரணம் குறைந்ததற்கும் மேலாக லண்டனில் குறைந்திருந்தது. 21 மாதங்களில் அதிகப்படியாகப் பிழைத்தவர்கள் 168 பேர். மான்செஸ்டரில் அப்படி ஒரு வித்தியாசம் தென்படவில்லை. லண்டனில் நோயாளிகளில் 93 சதவிகிதம் பேர் விசேஷ வார்டைப் பார்த்தார்கள். மான்செஸ்டரில் 39 சதவிகிதம் பேர்தான்.

கதாசிரியன் செய்கிற தவறையேதான் மான்செஸ்டர்க்காரர்களும் செய்தார்கள் என்று எனக்குப் படுகிறது. ஊசியின் கடிகாரத்தை வைத்து வாசலை அடைத்தார்கள். தூங்கி எழும்போதே கை விழுந்து கிடப்பவருக்கு எந்த மணியைக் கணக்கு வைப்பது? அவருக்கு ஊசி கிடைக்காமல் போகலாம். ஆனால் தண்ணீர் கொடுப்பதற்கு முன் தொண்டையைப் பார்க்கிற நர்ஸ் அவருக்கும் வேண்டுமல்லவா?

மான்செஸ்டர்க்காரர்களைப் பாராட்டவும் வேண்டும். கணக்கைப் பார்த்தார்கள், 2015-இல் நாலு மணி விதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த விசேஷ வார்டுகளில் படுத்தவர்களிடையே மரணம் குறைந்தது, வருஷத்துக்கு 69 உயிர் என்ற கணக்கில், என்று 2019-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

லண்டனைப் போல அரை மணியில் போய்ச் சேரக்கூடிய நகரத்துக்குப் பொருந்துவது, காட்டுக்கும் மலைக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஒவ்வோர் ஊரும் தன் தூரத்தைத் தானே அளந்துகொள்ள வேண்டியதுதான்.

இதைக் கதையாக எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. அந்த 168 பேர் யார் என்று டாக்டர்களுக்குத் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. தங்களைத் தெருக்கோடி ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் போன ஆம்புலன்ஸ் டிரைவர்மீது அவர்களில் யாருக்காவது இன்னமும் கோபம் இருந்தால்கூட ஆச்சரியமில்லை.