சாந்தி, கல்யாணம், கேக்: பெற்றோரின் வயதைக் கொண்டாடிய வரலாறு

அறுபது நிறைந்த தந்தைக்குப் பிள்ளைகள் கூடி நடத்துவதைத் தமிழ்நாட்டில் யாரும் பிறந்தநாள் என்பதில்லை. அறுபதாம் கல்யாணம் என்பார்கள். சஷ்டியப்தபூர்த்தி என்ற வடமொழிப் பெயரிலோ கல்யாணம் இல்லை. அறுபது ஆண்டு நிறைவு என்பதே அதன் பொருள். இந்தக் கல்யாணம் எப்படி உள்ளே நுழைந்தது?

பிறந்தநாளைப் பற்றிய நம் பழைய சான்றுகள் அரண்மனையைச் சேர்ந்தவை. தொல்காப்பியப் புறத்திணையியல் அரசன் பிறந்தநாளைப் பெருமங்கலம் என்கிறது. ராஜராஜனின் ஐப்பசிச் சதயமும் செம்பியன் மாதேவியின் சித்திரைக் கேட்டையும் கோயில் விழாக்களாயின. அங்கெல்லாம் ஆண்டுதோறும் திரும்பி வரும் நட்சத்திரமே முக்கியம். எத்தனையாவது வயது என்பது பொருட்டல்ல.

வயதை எண்ணும் வழக்கத்தின் ஊற்று வேறு. வியாழன் வானத்தைச் சுற்றிவரச் சுமார் 12 ஆண்டும், சனி சுமார் 30 ஆண்டும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 60 ஆண்டில் இரண்டுமே ஒருவர் பிறந்தபோது நின்ற இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிடுகின்றன. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் இந்த அறுபதாண்டுச் சக்கரத்தை விவரிக்கிறார். வடக்கே வியாழனின் ஓட்டத்தோடு ஒத்துப்போவதற்காகச் சுமார் 85 ஆண்டுக்கொரு முறை ஓர் ஆண்டுப் பெயரைத் தாண்டிவிடுவார்கள். தெற்கே அந்தத் தாண்டல் கைவிடப்பட்டது. விளைவு, 1965 சித்திரையில் பிறந்த விசுவாவசு ஆண்டு 2025 சித்திரையில் பிசகாமல் திரும்பியது. அறுபது நம் பக்கம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் அது மகிழ்ச்சிக்கான நாளாகத் தொடங்கவில்லை. இவ்வயதுச் சடங்குகளின் உக்கிரரத சாந்தி, பீமரத சாந்தி என்ற பெயர்களைக் கேட்டாலே போதும்: உக்கிரம், பீமம் இரண்டும் அச்சத்தின் சொற்கள், சாந்தி என்பது வரவிருக்கும் கேட்டைத் தணிப்பது. வடமொழி அகராதிகளில் பீமரதி என்பது 77ஆம் ஆண்டின் 7ஆம் மாதத்து 7ஆம் இரவு. அதைத் தாண்டுவது அரிது என்பது நம்பிக்கை. தமிழ் வீடுகளில் அதே பெயர் எழுபதாம் வயதுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

எண்பதுக்குரிய சதாபிஷேகம் போதாயன கிருஹ்யசேஷ சூத்திரம் என்ற பழைய வீட்டுச் சடங்கு நூலிலேயே உண்டு. ஆயிரம் பிறை கண்டவர் என்பது அதன் அளவுகோல். சந்திர மாதம் 29.53 நாள் எனக் கொண்டால் ஆயிரம் மாதம் 29,530 நாள், அதாவது 80 ஆண்டும் 10 மாதமும். வழக்கில் 80 ஆண்டு 8 மாதம் என்பார்கள். கேரளத்தார் 84 வரை காத்திருக்கிறார்கள். பெயர் ஒன்று, கணக்கு மூன்று.

சாந்தியின் உட்கரு ஓமமும், கலச நீரைத் தலையில் ஊற்றுவதும்தான். பழைய கிருஹ்ய சூத்திரங்களின் திருமணச் சடங்கிலேயே தாலி கிடையாது. அறுபதில் கட்டும் இரண்டாம் தாலிக்கு அங்கே இடமிருக்க வழியில்லை. அது வீட்டு வழக்கு சாத்திரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது. முதல் கல்யாணத்தில் பெற்றோர் பந்தி விசாரித்தார்கள். இதில் பிள்ளைகள் விசாரிக்கிறார்கள். அச்சத்தை விருந்தாக மாற்றியது இந்த இடமாற்றமே. சிவன் காலனை உதைத்த தலமாகத் தேவாரம் பாடிய திருக்கடவூர், இன்றைய திருக்கடையூர், இப்படிப்பட்ட தம்பதிகளால் நிறைந்திருக்கிறது. அங்கே காலனிடமிருந்து காக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்கு வயது பதினாறு. அவன் கதையை அறுபதும் எண்பதும் இரவல் வாங்கிக்கொண்டன.

20ஆம் நூற்றாண்டில் சடங்கு மேடையேறியது. 1935இல் உ.வே.சாமிநாதையரின் சதாபிஷேகம் சென்னையில் பொதுவிழாவானது. 1941இல் ராஜா அண்ணாமலை செட்டியாருக்கும் 1961இல் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாருக்கும் அறுபதை ஒட்டி நினைவு மலர்கள் வெளிவந்தன. மணிவிழா, பவளவிழா என்ற சொற்களும் பரவின. பவளவிழாவின் 75 என்பது வெள்ளிவிழா, பொன்விழா என்று எண்ணும் ஆங்கிலேயர் காலக் கணக்கு.

1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இன்று சுமார் 70. தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு வயதே 2021 முதல் 60தான். அறுபது அரிதாக இருந்த காலம் போய்விட்டதால் இப்போது பல குடும்பங்கள் எண்பதைத்தான் பெரிதாக எடுக்கின்றன.

இத்தனையிலும் எண்ணப்பட்டது தந்தையின் வயது மட்டும். மனைவி மனையில் உடன் உட்கார்ந்தாள். அவளுடைய அறுபதை எந்தச் சாந்தியும் கேட்கவில்லை. கணவனை இழந்தவளுக்கு மனையும் இல்லை. பிறந்தநாள் கேக்கை மேல்நாட்டு மோகம் என்று ஏளனம் செய்வோர் இதையும் பார்க்க வேண்டும். ஓமமில்லாமல் கேக் வெட்டும் மண்டப விழாவில்தான் எண்பது வயதுத் தாய் முதன்முறையாகத் தன் வயதுக்காகவே நடுவில் உட்கார்ந்தாள். அதற்கும் ஒரு சிக்கல் இருந்தது. பெண்ணுக்கு ஜாதகம் எழுதாத வீடுகள் பல. பிறந்த நட்சத்திரம் யாருக்கும் நினைவில்லை. அங்கே பிள்ளைகள் ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள்.