மூட்டுப் பெயர்கள்: தமிழ் மருத்துவக் கலைச்சொல் வரலாற்றில் ஒரு பகுதி

1. முன்னுரை

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாயிற்று. அம்முயற்சியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒரு வினாவையே முன்வைத்தனர். ஆக்கப்பட்ட சொல் தமிழ்ச்சொல்லா, வடசொல்லா என்பதே அவ்வினா. அது வேண்டுவதே, ஆயினும், ஒரு சொல் ஏன் வாழ்ந்தது, மற்றொன்று ஏன் வழக்கொழிந்தது என்பதற்கு அவ்வினா முழு விடை தருவதாக இல்லை. ஆதலின் யாம் பரந்த துறையை விடுத்து, எலும்பும் எலும்பும் கூடுமிடத்தைக் குறிக்கும் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு வாய்ப்பளித்தது விருதுநகர் மாவட்டமாகும். இராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் 1985இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், 2022 சனவரி 12இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பெற்றது. சிவகாசியிலும் சாத்தூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் செய்வோர் மிகப்பலர். தரையில் நெடும்பொழுது அமர்ந்து, விரலும் மணிக்கட்டும் ஓயாது இயங்கச் செய்யும் வேலைகள் அத்தொழில்களில் பல. அவ்வாறு உழைத்து முதிர்ந்தோர் தம் நோயைத் தமிழிற் சொல்லுகின்றனர். கேட்கும் இளைஞரோ உடற்கூற்றை ஆங்கிலத்திற் கற்றவர். இருவர்க்கும் இடையே நிற்பது சொல்லே ஆதலின், அச்சொல்லின் வரலாறு ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று.

2. நூலோர் கூறும் வகை

முதற்கண், இக்கால உடற்கூற்று நூலார் மூட்டுகளை எவ்வாறு பகுக்கின்றனர் என்பதைச் சுருங்கக் காண்போம். முதிர்ந்த மனிதனுடலில் எலும்புகள் 206. அவை கூடுமிடங்களை, இடையே நின்று இணைக்கும் பொருள் பற்றி மூவகையாக்குவர். நாரால் இணைந்தவை ஒருவகை. மண்டையோட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று பற்களாய்க் கவ்வி நிற்றல் இதற்குச் சான்று. குருத்தெலும்பால் இணைந்தவை மற்றொருவகை. முதுகெலும்புகளின் உடல்கள் இடைவட்டுகளால் இணைந்து சிறிதளவே அசைதல் காண்க. மூன்றாம் வகையில் எலும்பு முனைகளிடையே உறை சூழ்ந்த ஓர் இடைவெளியும், வண்டியச்சுக்கு மசகு போல உராய்வைக் குறைக்கும் நீரும் உண்டு. தோள், முழங்கை, முழங்கால் முதலிய இயங்கும் மூட்டுகள் இவ்வகையின.

இம்மூன்றாவதனை இயக்கம் பற்றி மேலும் பகுப்பர். ஒருபுறமாக மடங்கி நிமிர்வது கீல் மூட்டு, முழங்கை அத்தகையது. ஒன்றை நடுவாகக்கொண்டு மற்றொன்று சுழல்வது முளை மூட்டு. தலையைத் திருப்புங்கால் கழுத்தின் முதலெலும்பு இரண்டாம் எலும்பின் முளையைச் சுற்றித் திரும்புகின்றது. பல திசையிலும் இயங்குவது பந்துக்கிண்ண மூட்டு. தோளும் இடுப்பும் அத்தகையன. ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது வழுக்கு மூட்டு. கட்டைவிரலின் அடியில் அமைந்தது சேண மூட்டு. இவற்றோடு முட்டை வடிவான முனையுடைய ஒருவகையையும் சேர்த்து ஆறென்பர்.

3. புறத்தோற்றம் பற்றிய பெயர்கள்

இப்பகுப்பு, உடலை அறுத்துக் கண்டோர் செய்தது. அறுத்துக் காணாத மக்கள் பெயரிட்டது தோலின்மேற் புடைத்துத் தோன்றியதைக் கண்டேயாம். 'கணு' என்பது மூங்கிலிலும் கரும்பிலும் தண்டு தடித்துத் தோன்றும் இடம். பாதமும் காலும் கூடுமிடத்தில் இருபுறமும் எலும்பு புடைத்திருத்தலின் அதனைக் கணுக்கால் என்றனர். கணு அசைவதன்று; கணுக்காலோ அசைவது. ஆகவே இப்பெயர் இயக்கத்தை நோக்கி எழுந்ததன்று, வடிவை நோக்கி எழுந்ததாகும்.

'மொழி' என்னும் சொல்லும் இவ்வகையதே. பேச்சு, சொல் என்னும் பொருள்களை யாவரும் அறிவர். உடலின் பொருத்து என்னும் பொருளும் அதற்கு உண்டென்பது அகராதிகளாற் பெறப்படும். இம்மொழியும், முழங்கால் முழங்கை என்பவற்றின் முதனிலையும் ஓரினத்தன எனக் கருத இடமுண்டு. கன்னடத்தார் முழங்காலை மொணகாலு என்றும், தெலுங்கர் மோகாலு என்றும் வழங்குதலை ஒப்புநோக்குக. முழங்கை முதல் விரல் நுனி வரை உள்ள நீளம் முழம் எனப்படுதலும் இத்தொடர்பை வலியுறுத்தும். பூவிற்போர் கையால் அளக்கும் முழம், ஒரு மூட்டின் பெயரைத் தாங்கி நிற்கின்றது போலும்.

முழங்காலின் முன்னுள்ள தட்டெலும்பைச் 'சில்லு' என்பதும் வடிவு பற்றியதே. சிறுமியர் கோடு கிழித்து ஆடும் ஓட்டுச் சில்லைக் கண்டோர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளக்க வேண்டுவதன்று.

4. தொழில் பற்றிய பெயர்கள்

இனி, இரண்டைச் சேர்க்கும் தொழிலினின்றும் பிறந்த பெயர்கள் உள. பொருத்து, கட்டு, மூட்டு என்பன அவை. இவற்றுள் மூட்டு ஆராய்ச்சிக்குரியது. மூட்டுதல் என்பது சேர்த்தல், தைத்து இணைத்தல். கைலியின் இரு தலைப்பையும் சேர்த்துத் தைப்பதனை இன்றும் 'மூட்டுதல்' என்றே தையற்காரர் கூறுவர். தீ மூட்டுதல் என்னும் வழக்கும், எரிபொருளோடு நெருப்பைச் சேர்த்தல் என்னும் கருத்தினின்றே வந்திருத்தல் கூடும். தீக்குச்சி செய்து வாழும் நிலத்தில், ஒரே சொல் தொழிலின் பயனையும் தொழிலாளியின் நோயையும் குறித்து நிற்றல் நோக்கத்தக்கது.

மண்டையோட்டு இணைப்புகளுக்குத் 'தையல்' என்னும் பெயர் அமைந்ததும் இத்தொழில் வழியேயாம். மேனாட்டாரும் தையல் என்னும் பொருள்படும் சொல்லையே அவற்றிற்கு இட்டனர். ஒன்றைக் கண்டு ஒன்று பெயர்க்கப்பட்டதாயினும், தைத்தல் இருநிலத்தும் உள்ள தொழிலாதலின் அப்பெயர் ஈண்டும் இயல்பாகப் பொருந்திற்று.

'கீல்' என்பது வேறொரு வகையில் கருதத்தக்கது. கதவைத் தாங்கித் திருப்பும் இக்கருவியின் பெயரை வடமொழிக் 'கீல' என்பதனோடு தொடர்புறுத்துவர். அஃது உண்மையாயினும், தச்சரும் கொல்லரும் அதனை வீடுதோறும் கொண்டுசேர்த்துவிட்டனர். சித்த மருத்துவத்தார் மூட்டு நோயைக் கீல்வாயு என்று வழங்கினர். முதுமையில் மூட்டுத் தேய்வதால் வரும் நோயை அழல் கீல்வாயு என்றும், பல மூட்டுகளில் வீக்கமும் விறைப்பும் தோன்றும் நோயை வளி அழல் கீல்வாயு என்றும் இன்று அம்மருத்துவத்தார் பிரித்துரைப்பர். மாறாக, 'சந்தி' என்னும் வடசொல் இலக்கணத்திற் புகுந்தது. பதினோராம் நூற்றாண்டின் வீரசோழியம் சந்திப்படலம் என ஒரு பகுதியையே உடையது. தெருக்கள் கூடுமிடத்தை முச்சந்தி, நாற்சந்தி என மக்கள் வழங்கினர். உடலின் மூட்டுக்கோ, ஏட்டில் அச்சொல் நின்றும், பேச்சில் அத்துணை வேரூன்றவில்லை. இரண்டும் வடமொழித் தொடர்புடையன என்றே கொள்வோம். ஒன்று முழங்காலின் நோய்ப்பெயரிற் புகுந்து நிலைத்தது, மற்றது நிலைத்திலது. இவ்வேறுபாட்டைச் சொல்லின் பிறப்பு விளக்கவில்லை. அச்சொல் சுட்டும் பொருளை மக்கள் கையாண்டனரா என்பதே விளக்குகின்றது.

5. மானிப்பாய் முயற்சி

மேனாட்டு உடற்கூற்றியலைத் தமிழில் முறையாக எழுதிய பெருமை அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிரீன் அவர்களுக்கு உரியது. 1822இல் பிறந்த இவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1857இல் கட்டர் என்பாரின் உடற்கூற்று நூலும், 1867இல் இரண வைத்தியமும், 1872இல் கிரே என்பாரின் நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும், 1883இல் மனுஷ சுகரணமும் இவர் முயற்சியால் வெளிவந்தன. 1864 முதல் இவர்தம் மாணவர் தமிழிலேயே மருத்துவம் கற்றனர். கிரேயின் நூல் இலண்டனில் முதற்கண் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் எண்ணூறு பக்கங்கட்கு மேற்பட்ட நூலாயிற்று. இவ்விரைவு இன்றும் வியப்புக்குரியது.

கலைச்சொல் ஆக்குங்கால் தமிழ் வழக்கை முதலிலும், வடமொழியை அடுத்தும், ஆங்கிலத்தை இறுதியிலும் நாடுதல் இவர் கொள்கை. ஆயினும் அந்நாளைய கற்றோர் நடை வடசொற் பெருக்குடையதாதலின், நூல்களின் தலைப்புகளே அந்நடையைக் காட்டுகின்றன. அங்காதிபாதம் என்னும் பெயர், பாதாதிகேசம் கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகைகளை நினைவூட்டுவது. முடி முதல் அடி வரை உறுப்புகளைப் பாடிய மரபைக் கற்றோர்க்கு அது இனிய பெயர். எனினும் அது வாழவில்லை. உடற்கூற்றியல் என்பதே இன்று வழங்குகின்றது. 1873இல் கிரீன் தாயகம் திரும்பினார்; 1884இல் மறைந்தார். தமிழ்வழிக் கல்வியும் அவர்க்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. கற்பிக்கும் வகுப்பு இல்லாதவிடத்துச் சொல்லுக்கு வாழ்விடம் இல்லை. ஆதலின், அச்சொற்கள் மறைந்தமைக்கு அவற்றின் வடமொழித் தன்மையை மட்டுமே காரணமாக்குதல் முறையன்று.

6. இருபதாம் நூற்றாண்டு

1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் நிறுவிய அறிவியற் கலைச்சொற் சங்கமும், 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கமும் சொல்லாக்கத்தை மீண்டும் தொடங்கின. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. பள்ளிப் பாடநூல்களும் கீல், முளை, வழுக்கு, சேணம், பந்துக்கிண்ணம் என்னும் பெயர்களைப் பரப்பின.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். கீல் என்றதும் கதவு மனத்தில் தோன்றும். முழங்கை பின்புறமாக ஏன் மடங்காது என்பதை அக்கதவே விளக்கிவிடும். முளை என்றதும் திரிகை தோன்றும். நடுமுளையைச் சுற்றி மேற்கல் திரும்புதல் கழுத்தெலும்பின் இயக்கத்தை உள்ளவாறு காட்டும். பந்துக்கிண்ணமோ, சொல்லளவில் தமிழாயினும், கிண்ணத்துள் பந்தையிட்டுச் சுழற்றும் வழக்கம் நம் மனைகளில் இல்லை. ஆட்டுரலின் குழியும் அதனுட் சுழலும் குழவியும் அந்த இயக்கத்திற்கு எத்துணை அண்மையில் உள்ளன! சொல்லாக்கியோர் ஆங்கிலச் சொல்லைப் பார்த்தனர், அடுக்களையைப் பார்த்திலர். பந்துக்கிண்ணம் இன்று நிலைபெற்றுவிட்டமையின் அதனை மாற்றுக என யாம் கூறவில்லை. ஆக்க நெறியையே ஈண்டுச் சுட்டுகின்றோம்.

7. கரிசல் நிலத்து வழக்கு

சிவகாசி, சாத்தூர் வட்டங்களின் சிற்றூர்கள் சிலவற்றில் முதியோரிடம் மூட்டுப் பெயர்களை யாம் கேட்டறிந்தோம். மூட்டுப் பெயர்வதை அவர்கள் 'பிசகு' என்றனர். தசை நரம்பு பிடித்துக்கொள்வது 'சுளுக்கு'. இடுப்பின் பின்புறம் 'குறுக்கு'. விரலின் மூட்டு 'மொளி'. ஏட்டிலுள்ள மொழியே இது. எழுபது அகவையைக் கடந்த மூதாட்டி ஒருவர், இளமை முதல் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர், தம் கையை நீட்டி, "மொளியெல்லாம் கடுக்குது, விடியக்காலம் மடக்க முடியல" என்றார். அருகிருந்த பேர்த்தி, "ஜாயின்ட் பெயின்" என்று எமக்கு விளக்கினாள்.

பேர்த்தியின் விளக்கம் தவறன்று. ஆயினும் அதில் இரு செய்திகள் மறைந்தன. முழங்கால் அன்று, விரல் மூட்டு என்பது ஒன்று. விடியலில் விறைப்பு மிகும் என்பது மற்றொன்று. விரலின் சிறு மூட்டுகள் பலவும் காலையில் நெடுநேரம் விறைத்து நிற்பின், அதனைத் தேய்வு என எளிதாகத் தள்ளாது வேறொரு மூட்டுநோயோ என மருத்துவர் ஆராய்வர், மருந்தும் வேறாகும். மூதாட்டியின் ஒரு வாக்கியத்தில் நோயறிதற்குரிய இரு குறிப்புகளும் இருந்தன. பொதுச்சொல்லாகிய ஆங்கிலம் அவற்றை விழுங்கிவிட்டது. அயற்சொல் என்பதனால் அன்று, நுண்மை இழந்தமையால் இம்மாற்றம் வருந்தத்தக்கதாகின்றது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மூட்டுப் பெயர்கள் புறவடிவு, தொழில், இயக்கம் என்னும் மூன்றனுள் ஒன்றைப் பற்றி எழுந்தன. மக்கள் கண்டும் கையாண்டும் பழகிய பொருளைச் சுட்டியவை, எம்மொழியினின்று வந்தனவாயினும் வாழ்ந்தன. கற்றோர் நூலில் மட்டும் நின்றவை, அந்நூலைக் கற்பிக்கும் வகுப்பு மறைந்ததும் மறைந்தன. உள்ளமைப்புப் பற்றிய அறிவியற் பகுப்புக்குப் புதுச்சொற்கள் வேண்டுமென்பதில் ஐயமில்லை. நார், குருத்து, வட்டு என்னும் எளிய சொற்கள் அத்தேவைக்கு முன்னரே உதவியுள்ளன.

ஆதலின், மருத்துவத் தமிழை வளர்க்க முனைவோர் அகராதியைத் திறப்பதற்கு முன் நோயாளியின் சொல்லைக் கேட்டல் வேண்டும். தமிழ்த்துறை மாணவரும் மருத்துவ மாணவரும் ஒருங்கே சென்று, உடலுறுப்பு, நோய், வலி பற்றிய வட்டார வழக்குகளை வட்டந்தோறும் தொகுப்பாராயின், அஃது இரு துறைக்கும் பயன்தரும். எம்மிடம் மொளி என்று சொன்னோர் அனைவரும் அறுபது கடந்தவர். அவர்தம் பேரர்களிடம் அச்சொல்லை யாம் கேட்டிலோம். தொகுத்தற்குரிய காலம் குறுகியது என்பதனை இவ்வொன்றே உணர்த்தும்.