கெல்லி மாளிகை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜா அருகில், பழைய ரப்பர்த் தோட்டத்தில் கட்டத் தொடங்கி முடிவுறாமல் நின்றுபோன மாளிகை. ஸ்காட்லாந்துத் துரை ஒருவரின் வீடாகவே பலரும் இதை அறிவர். ஆனால் தமிழர் இம்மண்ணுக்குக் குடிபெயர்ந்த கதையைச் சொல்லும் முதன்மையான இடங்களுள் இதுவும் ஒன்று.

1870இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதளவில் மலாயாவுக்கு வந்தார். காடு திருத்தும் பணியில் பொருள் சேர்த்து, கிந்தா மாவட்டத்தில் நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். சொந்த ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தோட்டத்துக்குக் ‘கிந்தா கெல்லாஸ்’ என்று பெயரிட்டார். மாளிகை வேலை 1915இல் தொடங்கியது. அதற்காகச் சென்னை மாகாணத்திலிருந்து கொத்தர்கள் வந்தனர். செங்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. 1926இல் துரை லிஸ்பனில் நிமோனியாவால் இறக்கவே வேலை நின்றது. மின்தூக்கிக்காக விட்ட கூண்டு இன்றும் வெறுமையாக இருக்கிறது.

கட்டுமானக் காலத்தில் ஸ்பானியக் காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் கோயில் வேண்டுமென்று கேட்க, துரை இசைந்தார். சற்றுத் தொலைவில் எழுந்தது மாரியம்மன் கோயில். அதன் மேற்கூரையில் தெய்வத் திருவுருவங்களுக்கு நடுவே, வெள்ளைக்கார உடையும் தொப்பியும் அணிந்த சுதைச் சிற்பம் ஒன்று நிற்கிறது. அது கெல்லி துரைதான் என்பது வழிவழிச் செய்தி. அச்செய்தி உண்மையானால், மாளிகையில் உள்ள எதைவிடவும் இச்சிற்பமே பெரிய கலைச்சான்று: தங்களை வேலை வாங்கியவரைத் தொழிலாளர் தம் கண்ணால் பார்த்து, தம் கையால், தம் தெய்வங்களுக்கிடையே வடித்திருக்கிறார்கள்.

பேராக் தோட்டங்களுக்குத் தமிழர் பெரும்பாலும் கங்காணி முறையில், அதாவது தோட்டத்துக் கங்காணி தம் ஊருக்குச் சென்று ஆள் திரட்டும் முறையில், வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. உடலுழைப்புத் தொழிலாளர் செலவுதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. பின்னாளில் ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன; அந்த வாழ்வின் தடயங்களும் சிதறின.

ஈப்போவில் ஹக்கா சீனரின் ஈய வரலாறு இந்த அளவுக்குச் சிதறவில்லை. 1893இல் லியோங் ஃபீ நிறுவிய ஹான் சின் பெட் சூ சுரங்க முதலாளிகள் சங்கத்தின் கட்டடம், 2015 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. சில பொருட்களிலிருந்தும் ஓர் அருங்காட்சியகம் தொடங்கலாம்: யூதர்களின் அடையாளத்தையும் புலம்பெயர்வையும் கலைவழி எடுத்துரைக்கும் நியூயார்க் யூத அருங்காட்சியகம், 1904இல் 26 சடங்குப் பொருட்களின் நன்கொடையுடன் தொடங்கியது. 1947 முதல் ஒரு வங்கியாளரின் மாளிகையில் இயங்கி வருகிறது.

தோட்டத்துத் தமிழரிடமும் தொடக்கத்துக்கான பொருட்கள் உண்டு: பால்வெட்டும் கத்தி, பால் சேர்க்கும் மங்குக் கிண்ணம், தாத்தாவின் கப்பல் பயணச் சீட்டு. வீட்டில் அத்தகையது இருப்பவர்கள் வீசிவிடாமல், யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். மாளிகையைப் பார்க்கச் செல்பவர்கள் மாரியம்மன் கோயிலுக்கும் போய் வாருங்கள்.