தாழ்வாரத்துத் தூண்

திண்டிவனத்தில் எங்கள் தாத்தா வீட்டுத் தாழ்வாரத்தில், நாலாவது தூணின் அடியில் மரம் தேய்ந்து வழுவழுவென்று ஒரு பள்ளம் இருந்தது. சின்னத் தாத்தாவின் சங்கிலி உராய்ந்த இடம். பாட்டி மூன்று வேளையும் சோறு பிசைந்து ஊட்டியவள்தான். அவிழ்த்துவிட்டால் தண்டவாளத்துப் பக்கம் ஓடிவிடுவாரே என்ற பயம்.

வேறு வழி? 1794-இல் தொடங்கி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய சென்னை மனநல மருத்துவமனை. இல்லையென்றால் மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் ஏர்வாடி தர்கா. அங்கே 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஒரு கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். செய்தி வந்த அன்று பாட்டி அந்தத் தூணையே பார்த்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு காப்பகங்களுக்கு உரிமம், சோதனை எல்லாம் வந்தன. ஆனாலும் 2023 பிப்ரவரியில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டி பக்கம் ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டி வந்தது.

மீட்கப்பட்டவர்கள் எங்கே வாழ்வது? சென்னையில் 1993-இல் தொடங்கிய ‘பேனியன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ வீடுகளை நடத்துகிறது. ஊருக்கு நடுவே சாதாரண வீடு, நாலைந்து பேர், உதவிக்கு ஓர் ஊழியர். மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் அங்கே தங்கள் சமையலைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். சமூகத்தோடு வாழ்வது அவர்கள் உரிமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

எங்கள் தெருக்களிலும் அப்படியொரு வீடு வர வேண்டும். சின்னத் தாத்தாவுக்குக் கடைத்தெரு பிடிக்கும். வெல்ல மண்டி வரை கூட நடந்துவர ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.