ஒட்டுப்படமும் நிரலும்: ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஊடகக் கணிமைப் பாடநெறி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மாணவர்கள் நிரல் எழுதி எண்முறை ஒட்டுப்படங்களை உருவாக்கும் பயிற்சி இன்று பல நாடுகளின் வகுப்பறைகளில் காணப்படுகிறது. இப்பயிற்சியைத் தொடக்கநிலைக் கணினிக் கல்வியின் மையத்திற்குக் கொண்டுவந்த முயற்சிகளுள் முதன்மையானது, அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஊடகக் கணிமைப் பாடநெறி ஆகும். அப்பாடநெறி தோன்றிய சூழல், அதில் ஒட்டுப்படப் பயிற்சி பெற்ற இடம், அது சாதித்தவை, சாதித்ததாகச் சொல்லப்பட்டு மெய்ப்பிக்கப்படாதவை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒட்டுப்படம், நிரலாக்கம், ஊடகக் கணிமை, மார்க் குஸ்டியல், பைத்தான், கணினிக் கல்வி வரலாறு.

முன்னுரை

கணினிக் கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1965ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கேயோர்க் நேஸின் படைப்புகளும், நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் காட்சிக்கூடத்தில் மைக்கேல் நோல், பேலா யூலெஸ் ஆகியோரின் படைப்புகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1968இல் இலண்டனில் யாசியா ரைஹார்ட் ஒருங்கிணைத்த ‘சைபர்நெட்டிக் செரண்டிபிட்டி’ கண்காட்சி அடுத்த மைல்கல்லாகச் சுட்டப்பெறும். இவ்வரலாறு காட்சிக்கூடங்களின் வரலாறு. இதில் இடம்பெறுவோர் பெரும்பாலும் பொறியாளர்கள், கணிதவியலாளர்கள், தேர்ந்த ஓவியர்கள். கலைஞராகவோ கணினி வல்லுநராகவோ ஆகும் எண்ணமே இல்லாத மாணவர்கள் நிரல் வழியே படம் செய்த வகுப்பறையின் வரலாறு இதற்குள் அடங்குவதில்லை. அவ்வரலாற்றில் அழகியலைவிட வேறொரு வினா முதன்மை பெறுகிறது: நிரலாக்கம் யாருக்கு உரியது? ஒட்டுப்படப் பயிற்சியின் முக்கியத்துவம் அவ்வினாவோடு பிணைந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

அனைவருக்குமான நிரலாக்கம்: கருத்தின் பின்புலம்

நிரலாக்கம் அனைத்து மாணவர்க்கும் உரியது என்ற கருத்து புதியதன்று. 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டையொட்டி நிகழ்ந்த உரைத்தொடரில் ஆலன் பெர்லிஸ், எத்துறை பயில்வோராயினும் நிரலாக்கத்தைப் பொதுக்கல்வியின் பகுதியாகக் கற்கவேண்டும் என்று வாதிட்டார். 1967இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் முதலியோர் உருவாக்கிய லோகோ மொழி, இக்கருத்தைச் சிறுவர் வகுப்பறைக்குக் கொண்டுசென்றது. லோகோவின் ‘ஆமை’ நகர்ந்து வரையும் கோடுகள் கணிதச் சிந்தனைக்கு உருக்கொடுத்தன. 1977இல் ஆலன் கே, அடேல் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை, கணினியை ஏனைய ஊடகங்கள் யாவற்றையும் தன்னுள் அடக்கவல்ல ஊடகம் என்று விளக்கியது.

எனினும் பல்கலைக்கழகத் தொடக்கப் பாடங்கள் நெடுங்காலம் இவ்வழியில் செல்லவில்லை. எண்களை வரிசைப்படுத்தல், பகா எண்களைக் கண்டறிதல், கூட்டுத்தொகை காணல் ஆகியனவே பயிற்சிகளாக அமைந்தன. கணினி அறிவியலைத் தொழிலாகக் கொள்ளவிருக்கும் மாணவர்க்கு இவை பொருந்தின. பிறர்க்கும் இவை பொருந்துமா என்ற வினா, பாடம் அனைவர்க்கும் கட்டாயமானபோதுதான் கூர்மை பெற்றது.

1999: கட்டாயப் பாடமும் தோல்வியும்

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 1999ஆம் ஆண்டு இலையுதிர் பருவம் முதல், துறை வேறுபாடின்றி எல்லா மாணவரும் கணினிப் பாடம் ஒன்றில் தேறவேண்டும் என விதித்தது. தொடக்கத்தில் அனைவர்க்கும் ஒரே பாடநெறியே இருந்தது. ஸ்கீம் மொழியை அடிப்படையாகக் கொண்ட அப்பாடம் கல்விநோக்கில் தரமானதே. ஆயினும் கலைப்புலம், கட்டடக்கலை, மேலாண்மை ஆகிய புலங்களின் மாணவருள் பாதிக்கும் குறைவானோரே அதில் தேறினர். நிறுவனம் முழுமைக்குமான தேர்ச்சி விகிதம் இதனைவிடப் பெரிதும் உயர்ந்திருந்தது.

இத்தோல்வியை இருவகையாகப் பொருள்கொள்ள இயலும். அம்மாணவர்க்குக் கணிதநோக்கும் திறனும் போதா என்பது ஒன்று. பாடம் தேர்ந்துகொண்ட எடுத்துக்காட்டுகள் அவர்களது உலகத்தோடு தொடர்பற்றவை என்பது மற்றொன்று. முதலாவதை ஏற்பின் மாற்றவேண்டியது மாணவரை. இரண்டாவதை ஏற்பின் மாற்றவேண்டியது பாடத்தை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் 2000இல் வெளியிட்ட அறிக்கையும், ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகியோர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட நூலும் இரண்டாவது விளக்கத்திற்கு வலுச்சேர்த்தன. பெண்கள் கணினித்துறையை விட்டு விலகுவதற்குத் திறன்குறைவு காரணமன்று. அத்துறை வாழ்வோடு தொடர்பற்றதாகவும் தனிமைப்படுத்துவதாகவும் தோன்றுவதே காரணம் என்பது இவற்றின் சாரம்.

இச்சூழலில் மார்க் குஸ்டியல் வடிவமைத்ததே ஊடகக் கணிமைப் பாடநெறி. படம், ஒலி, உரை, அசைபடம் ஆகியவற்றைக் கையாளும் நிரல்களை எழுதுவதன் வழியாகவே மடக்கு, நிபந்தனை, செயற்கூறு முதலிய அடிப்படைகளைக் கற்பிப்பது அதன் நெறி. பைத்தான் மொழியின் ஜைத்தான் வடிவமும், மாணவர்க்கென்று உருவாக்கப்பட்ட ஜெஸ் என்னும் நிரலாக்கச் சூழலும் பயன்படுத்தப்பட்டன. 2003ஆம் ஆண்டு இளவேனிற் பருவத்தில் சுமார் 120 மாணவர்களுடன் பாடம் தொடங்கியது. அவருள் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் தேறினர். இடையில் விலகியோர் மிகச் சிலரே.

ஒட்டுப்படப் பயிற்சியின் அமைப்பு

இப்பாடநெறியின் பயிற்சிகளுள் ஒட்டுப்படம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. மாணவர் தாம் விரும்பிய படமொன்றைத் தேர்ந்து, அதனைப் பலமுறை, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாற்றங்களுக்கு உட்படுத்தி, வெற்றுத் திரையொன்றில் அடுக்கவேண்டும். சுருக்குதல், வெட்டுதல், சுழற்றுதல், எதிர்நிறமாக்குதல், ஒளியைக் கூட்டுதல் அல்லது குறைத்தல் ஆகியன அம்மாற்றங்கள். இவை யாவும் நிரலின் வழியே நிகழவேண்டும்.

இப்பயிற்சி வேண்டுவது என்ன என்பதை நுணுகி நோக்குதல் தகும். எண்முறைப் படம் என்பது படப்புள்ளிகளின் அணி. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கூறுகளை உடையது. ஒவ்வொரு கூறும் 0 முதல் 255 வரையிலான முழுஎண். ஒரு புள்ளி ஏற்கத்தக்க நிறங்கள் 1,67,77,216. அகலம் 640, உயரம் 480 எனில் புள்ளிகள் 3,07,200. இத்தனை புள்ளிகளுக்கும் தனித்தனியே கட்டளை எழுத ஒருவராலும் இயலாது. ஆகவே மடக்கு என்னும் கருத்து மாணவர்க்குத் தேவையாகவே அறிமுகமாகிறது. பிற பாடங்களில் இலக்கணவிதியாக வந்து நின்ற ஒன்று இங்கு வேலையை முடிக்கும் ஒரே வழியாகிறது.

எதிர்நிறமாக்க ஒவ்வொரு கூறையும் 255இலிருந்து கழித்தல் போதும். அதே செயலை மறுமுறை செய்தால் மூலப்படம் மீளும். ஒளியைப் பாதியாகக் குறைத்துப் பின் இரட்டித்தால் அவ்வாறு மீளுவதில்லை. 101 என்னும் மதிப்பு முழுஎண்ணாக 50 ஆகி, இரட்டித்தபின் 100ஆக நின்றுவிடும். தகவல் இழப்பு என்னும் கருத்தை மாணவர் இங்குத் தம் கண்ணாலேயே காண்கின்றனர். மூலப்படத்தின் ஒரு புள்ளியைத் திரையின் வேறோர் இடத்தில் பதிக்க அதன் ஆயத்தொலைவுகளோடு இடப்பெயர்வைக் கூட்டவேண்டும். தொண்ணூறு பாகை திருப்பக் கிடைமட்ட, நிலைக்குத்து ஆயத்தொலைவுகள் இடம் மாறவேண்டும். பாதியாகச் சுருக்க ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை எடுக்கவேண்டும். ஒரே படம் பலமுறை வருவதால், இடத்தை அளபுருவாகப் பெறும் செயற்கூறு ஒன்றை எழுதுவதே சிக்கனம் என்பதும் புலப்படுகிறது.

பிழையும் கண்ணுக்குத் தெரிகிறது. இடப்பெயர்வு தவறினால் ஒரு படம் மற்றொன்றின்மேல் ஏறிவிடும். திரையின் எல்லையைத் தாண்டினால் நிரல் நின்றுவிடும். எண்களை வரிசைப்படுத்தும் நிரலில் விடை சரியா என்பதைத் தனியே சோதித்தறியவேண்டும். ஒட்டுப்படத்திலோ எங்கே தவறியது என்பதைப் படமே பெரிதும் உணர்த்திவிடுகிறது.

தாளும் எண்ணும்

ஒட்டுப்படம் என்னும் கலைவடிவம் 1912இல் பிக்காசோ, பிராக் ஆகியோரின் கைகளில் நவீன ஓவியத்துள் நுழைந்தது. நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் பிக்காசோ தம் ஓவியத்தில் ஒட்டியது அதன் தொடக்கங்களுள் ஒன்று. பின்னர் பெர்லின் டாடா இயக்கத்தில் ஹன்னா ஹோக் போன்றோர் செய்தித்தாள் ஒளிப்படங்களை வெட்டி அரசியல் விமர்சனமாக்கினர். வெட்டியெடுத்த துண்டு தன் பழைய இடத்தை இழப்பதும், அதன் அடையாளத்தைப் புதிய இடத்திலும் சுமந்திருப்பதும் தாள் ஒட்டுப்படத்தின் இயல்பு.

நிரலால் ஆகும் ஒட்டுப்படம் இதிலிருந்து இருவகையில் வேறுபடுகிறது. ஒன்று, இங்கு வெட்டுதல் என்பது நகலெடுத்தலே, மூலம் சிதைவதில்லை. மற்றொன்று, இங்குப் படைப்பு இரண்டடுக்கானது. கண்ணில் படுவது படம். அதனைப் பிறப்பித்தது நிரல். மூலப்படத்தை மாற்றி அதே நிரலை இயக்கினால் வேறோர் ஒட்டுப்படம் கிடைக்கும். ‘ஃபோட்டோஷாப்’ போன்ற மென்பொருள் இதே விளைவுகளைச் சில சொடுக்குகளில் தரும்போது நிரல் எதற்கு என்ற வினாவிற்கு விடை இவ்விடத்தில் உள்ளது. மென்பொருளின் பட்டியல், பிறர் முன்கூட்டி எண்ணிவைத்த செயல்களை மட்டுமே தருகிறது. நிரல் எழுதுவோர் பட்டியலில் இல்லாத செயலையும் வரையறுக்கலாம். செய்முறையைப் பிறர்க்குக் கைமாற்றலாம். பட்டியலுக்குப் பின்னால் நிகழ்வது என்ன என்பதையும் அறியலாம்.

பரவலும் இணைமுயற்சிகளும்

பாடநூல் 2005இல் வெளிவந்தது. ஜாவா மொழியில் அமைந்த வடிவத்தைக் குஸ்டியலும் பார்பரா எரிக்சனும் இணைந்து எழுதினர். இவ்விருவர்க்கும் கணினி அறிவியலாளர் அமைப்பான ஏ.சி.எம். 2010ஆம் ஆண்டிற்கான கார்ல்ஸ்ட்ராம் கல்வியாளர் விருதை வழங்கியது. சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகம், சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் முதலியவை இந்நெறியைத் தம் சூழலுக்கேற்ப ஏற்றன.

இதே காலத்தில் கலைப்புலத்திலிருந்தும் ஒரு நீரோட்டம் கிளைத்தது. ஜான் மேடா 1999இல் வெளியிட்ட ‘டிசைன் பை நம்பர்ஸ்’ நூல், நூற்றுக்கு நூறு புள்ளிகள் கொண்ட சாம்பல்நிறச் சதுரத்தில் வடிவமைப்பாளர்க்கு நிரலாக்கம் கற்பித்தது. அவர்தம் மாணவர்களான கேசி ரியாஸ், பென் ஃப்ரை ஆகியோர் 2001இல் ‘ப்ராசஸிங்’ மொழியைத் தொடங்கினர். 2013இல் லாரன் மெக்கார்த்தி தொடங்கிய ‘பி5.ஜேஎஸ்’ அதனை இணைய உலாவிக்குக் கொண்டுவந்தது. கலைஞரைக் கணினியிடம் அழைத்துவருவது இவ்வழி. கணினிப் பாடத்திற்குள் கலையைக் கொண்டுவருவது குஸ்டியலின் வழி. புறப்பட்ட இடங்கள் வேறாயினும் இரண்டும் ஒரே பயிற்சியில் சந்தித்தன.

ஐயங்களும் சான்றுகளும்

இம்முயற்சியை முழு வெற்றியாகக் கொள்வது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. மாணவர் படத்தில் ஈடுபடுகின்றனர். கணிமையைக் கற்கின்றனரா என்பதே தொடக்கம் முதல் எழுந்த ஐயம். குஸ்டியல் 2013இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, பத்தாண்டுச் சான்றுகளைத் தொகுத்துத் தம் கருதுகோள்களைத் தாமே சோதித்தது. மாணவர் பாடத்தில் நிலைத்துத் தேறுகின்றனர் என்பதற்கு வலுவான சான்று இருந்தது. மிகுதியாகக் கற்கின்றனர் என்பதற்கோ, மேலும் கணினிப் பாடங்களை நாடிச் செல்கின்றனர் என்பதற்கோ அத்தகைய சான்று கிடைக்கவில்லை. சான் டியாகோவின் அனுபவமும் எச்சரிக்கையை வேண்டுகிறது. அங்கு ஊடகக் கணிமை, இருவர் இணைந்து நிரலெழுதும் முறை, சகமாணவரோடு கலந்துரையாடிக் கற்கும் முறை ஆகிய மூன்றும் ஒருங்கே புகுத்தப்பட்டன. நிலைத்திருப்போர் தொகை உயர்ந்தது உண்மை. ஆனால் அவ்வுயர்வை ஒட்டுப்படத்திற்கு மட்டும் உரியதாக்க இயலாது.

ஆயினும் ‘மிகுதியாகக் கற்றனரா’ என்னும் வினா, ஒப்பிடப்படும் இரு வகுப்புகளிலும் மாணவர் இறுதிவரை இருந்தனர் என்று முற்கொள்கிறது. பழைய பாடத்தில் மூன்று புலங்களைச் சார்ந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் விலகியோ தோற்றோ வெளியேறினர். வகுப்பில் இல்லாதவர் எவ்வளவு கற்றார் என்பதை எந்தத் தேர்வும் அளப்பதில்லை. நிலைத்திருத்தலைக் கற்றலினும் தாழ்ந்த பயனாகக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

ஒட்டுப்படப் பயிற்சி புதிய கணிமைக் கருத்து எதனையும் கண்டுபிடிக்கவில்லை. மடக்கும் நிபந்தனையும் செயற்கூறும் அதற்கு முன்னும் கற்பிக்கப்பட்டனவே. அது மாற்றியது தோல்விக்குப் பொறுப்பு யாருடையது என்னும் கணிப்பை. 1999இல் பாடத்திற்குத் தகுதியற்றோராகத் தோன்றிய அதே புலங்களின் மாணவர், 2003இல் வேறு எடுத்துக்காட்டுகளோடு அவ்வடிப்படைகளைப் பயின்று தேறினர். நான்கு ஆண்டுகளில் மாணவர்தம் இயல்பு மாறியிருக்க வாய்ப்பில்லை, மாறியது பாடம். மாணவர்தம் தேர்ச்சி குறையும்போது முதலில் வினவப்படவேண்டியது அவர்தம் திறனா, பாடம் தேர்ந்துகொண்ட எடுத்துக்காட்டுகளா என்பதைத் தீர்மானிக்க, எத்துறை ஆசிரியர்க்கும் இவ்வரலாறு சான்றாக அமையும். கற்றல் அளவு குறித்து எஞ்சிநிற்கும் வினாக்கள், ஒட்டுப்படத்தையும் அதனோடு புகுத்தப்பட்ட பிற கற்பித்தல் முறைகளையும் தனித்தனியே பிரித்தாராயும் ஆய்வுகளை வேண்டி நிற்கின்றன.