நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டம்: சம உயரக் கற்களும் விடுபட்ட பெயர்களும்

சென்னை நந்தம்பாக்கத்தில், பரங்கிமலை–பூவிருந்தவல்லி சாலையோரம் உள்ளது மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லாமற்போகவே, அவற்றை ஓரிடத்தில் சேர்க்க 1952இல் இது உருவாக்கப்பட்டது. இங்கு அடக்கமானோர் 850க்கும் மேற்பட்டோர். பின்புறமுள்ள நினைவுச் சின்னம், முதல் உலகப்போர்க் காலத்தில் மாண்டு இந்தியாவின் பல இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கியுள்ளது.

இதைப் பராமரிப்பது 1917இல் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். பதவி, இனம், மதம் எதைக்கொண்டும் இறந்தோரிடையே வேறுபாடு காட்டக்கூடாது என்பது அதன் கொள்கை. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல்.

ஆனால் அக்கொள்கை எல்லாருக்கும் எட்டவில்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறிக்கப்பட்டது. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ வெறும் எண்ணிக்கையாயினர். முதல் உலகப்போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்கப் படையினருள் குறைந்தது 1,16,000 பேர் பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று ஆணையம் நியமித்த குழுவே 2021இல் ஒப்புக்கொண்டது. இந்த எண்ணிக்கை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் அது கூறியது.

இவ்வரலாற்றில் தலித்துகளுக்கு நேரடிப் பங்குண்டு. மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகளில் பறையர்கள் பணியாற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குடி’ என்னும் கோட்பாடு தலைதூக்கியபோது, தீண்டப்படாதோருக்குப் படைவாசல் குறுகியது. மகர்களுக்கு முற்றிலும் அடைபட்டது. ஆட்கள் தேவைப்பட்ட உலகப்போர்களில் மீண்டும் திறந்தது. பெயர் பொறித்த கல்லின் வலிமையை அம்பேத்கர் அறிந்திருந்தார். 1818 போரில் மாண்ட மகர் வீரர்களின் பெயர்களைத் தாங்கிய கோரேகான் தூணுக்கு 1927 ஜனவரி 1 அன்று அவர் சென்றார். அத்தூண் இன்றும் நம் அரசியல் நினைவிடமாக நிற்கிறது.

நந்தம்பாக்கத்துச் சமத்துவம் நம் ஊர்ச் சுடுகாட்டை எட்டவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டது; சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரித்தது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு: எல்லாருக்கும் பொதுவான மயானம், படையில் பணியாற்றிய நம் முன்னோரின் பெயர்ப் பட்டியல். இரண்டாவதைக் கள்ளக்குறிச்சி மாணவர்கள் தங்கள் குடியிருப்பின் முதியோரிடமிருந்தே தொடங்கலாம். பழைய ஓய்வூதியப் புத்தகங்களும் பதக்கங்களும் சான்றாகும்.