பாணர்க்குத் திறந்த வாயில்

திருமுறைகளைப் பண்ணொன்ற ஓதுவார் யாவரும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் பெயரை அறிவர். அவர் தோன்றிய குடியின் நிலையை ஆராய்வாரோ மிகச் சிலர். சங்ககாலத்துப் பாணர் வேந்தர் அவைக்கண் தடையின்றிப் புகுந்து பரிசில் பெற்றனர். பத்துப்பாட்டுள் இரண்டு ஆற்றுப்படைகள் அவர் பெயரால் வழங்குகின்றன. பின்னாளில் அக்குடி இழிந்ததெனக் கருதப்பட்டுத் திருக்கோயிலினுட் புகும் உரிமையையும் இழந்தது. 12-ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணம் அருளிய சேக்கிழார் இதனை மறைத்திலர்.

எருக்கத்தம்புலியூரிற் பிறந்த பாணனார் மதுரையை அடைந்து, ஆலவாய்த் திருக்கோயிலின் வாயின் முன்னே நின்று யாழ் வாசித்தனர். உள்ளே புகுமாறு அவரை எவரும் அழைத்திலர். அன்றிரவு இறைவன் தொண்டர்தம் கனவில் தோன்றிப் பணித்த பின்னரே அவர் திருமுன்பு கொண்டுவரப்பட்டனர். தரையில் வைத்து வாசிப்பின் ஈரத்தால் யாழின் நரம்பு கெடும் எனக் கூறிப் பொற்பலகை இடுவித்தவனும் இறைவனே. சுந்தரர் பொருட்டு இறைவன் தூது நடந்ததை விரித்துரைப்பார், ஒரு பாணர் யாழுக்கு ஈரம் படாமற் காத்ததை அத்துணை எடுத்துப் பேசுவதில்லை. திருவாரூரிலோ அவர் புகுதற்கு வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது. ஏனையோர் புகும் வாயில் அவர்க்குத் திறந்திலது என்பதும் இதனாற் பெறப்படும்.

காழியில் ஆளுடைய பிள்ளையாரைக் கண்ட பின்னும் இந்நிலை முற்றும் மாறிற்றில்லை. பிள்ளையார் அவரை அன்போடு ஏற்றுக் கோயிலின் புறமுன்றிலிற் கொண்டுபோய்க் கும்பிடுவித்தனர் என்பது புராணம். ஆயினும் பிள்ளையார் அவரை 'ஐயர்' என்றே விளித்தனர். சாத்தமங்கையில் வேள்வி வளர்த்த அந்தணராகிய திருநீலநக்கர் மனையில் தங்கியபொழுது, பாணர்க்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியார்க்கும் இடம் அளிக்குமாறு பிள்ளையாரே கேட்டனர். நீலநக்கர் புறத்திண்ணையைக் காட்டினாரல்லர். நடுமனையில் வேதிகையின் பக்கத்தே இடம் கொடுத்தார். வேதிகைத் தீ வலமாகச் சுழன்று ஓங்கிற்று. குலவேற்றுமை பற்றி எழும் வினாவுக்குச் சேக்கிழார் கூறும் விடை அத்தீயே எனலாம்.

பிற்காலத்தில் திருமுறைச் சுவடிகள் தில்லையிற் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடுகள் கிடைத்தன, பண்முறை கிடைத்திலது. அதனை அறிந்தவர் ஒருவரே எஞ்சியிருந்தார். எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி அவர். அவரைத் தில்லைக்கு அழைத்துவந்து, அவர் வாயிலாகவே பண்கள் வகுக்கப்பட்டன. அவர் பெயரை அந்நூல் கூறவில்லை.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டோடு இதனை ஒப்பு நோக்குதல் வேண்டும். ஆங்குத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய முதலாம் இராசராசன் அமைத்த பிடாரர் 48 பேர். உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன் ஆக 50 பேருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் நிவந்தம். இறந்தவர்க்கும் வேற்றூர் சென்றவர்க்கும் அணுக்க உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பணி செய்யலாம். அவர்க்குத் தகுதி இல்லையேல் தக்காரை ஆளாக நிறுத்தலாம். ஒவ்வொருவர் பெயரும் கல்லிற் பொறிக்கப்பட்டது. பாடுவார்க்குப் பெயரும் நெல்லும் வழிவழி உரிமையும் கிடைத்தன. பண்ணைக் காத்துத் தந்த மரபினளுக்குப் புராணத்திலும் ஒரு பெயர் கிடைத்திலது.

பாணனார் புறத்தே நின்று யாழ் வாசித்த அம்மதுரைத் திருக்கோயிலில், 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் துணைநிற்க, கக்கன் முதலாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரும் நாடார் வகுப்பினர் ஒருவரும் உட்சென்று வழிபட்டனர். அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் அவர்கள் உட்சென்ற பின்னர்ப் பட்டர் சிலர் பூசை செய்ய மறுத்தனர். பாணனார் பொருட்டு இறைவன் தொண்டர்தம் கனவில் வந்து ஆணையிட்டதாகப் பாடப்பெற்ற கோயில் அது.